என் வரப்புக்காகப் போட்ட மனு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பாலகுரு அவர்களுக்கு,

மரக்காணத்திலிருந்து மாமனார் தெய்வசிகாமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடுகள் இரண்டும் சுகம். உங்கள் அத்தை என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. பாத்திரத்தை வைக்கிற சத்தத்தைக் கேட்டால் அவளும் தெம்பாகத்தான் இருக்கிறாள். வானூரில் நீங்களும் சங்கீதாவும் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் சங்கீதா பிடுங்கிக்கொண்டு திட்டுவாள் என்று தபாலில் எழுதுகிறேன்.

நம் உப்பளத்து மேற்கு வரப்பு உங்களுக்குத் தெரியும். காலனியில் யாராவது தவறினால் ஊர்த்தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடுவதில்லை, தெருவில் கோயில் இருக்கிறதாம். அதனால் என் வரப்பின் மேல்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவார்கள். என் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான், நானும் அதில் தப்பு ஒன்றும் கண்டதில்லை. போன மாதம் கோடை மழை பெய்த மறுநாள் ஒரு சாவு. ஈர வரப்பில் நாற்பது பேர் நடந்ததில் வரப்பு உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீர் பாத்திக்குள் புகுந்து, இரண்டு நாளில் வார வேண்டிய உப்பெல்லாம் கரைந்துபோனது. வந்த ஆத்திரத்தில் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், தெரு இருக்கும்போது என் வரப்பு எதற்கு என்று கலெக்டருக்கு மனு அடிக்கச் சொன்னேன். அங்கே டைப் அடிக்கிற ஜான்சி என்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வரப்புன்னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க ஐயா. மனித உரிமைன்னு போடுறேன்" என்றது. போடும்மா என்றேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்ததால், மூன்று பக்கத்தையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அதில் ஜனநாயகம் நான்கு இடத்தில் இருக்கிறது, அரசியல் சட்டம் ஆறு இடத்தில் இருக்கிறது, வரப்பு ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த வாரம் காலனிச் சங்கத் தலைவர் சித்தார்த்தன் சால்வையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "எங்க பாட்டன் காலத்துல இருந்து உங்க பக்கத்துல ஒருத்தரும் கேக்காததை நீங்க கேட்டுட்டீங்க" என்றார். வரப்பு விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. மூடிக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். பெரியதனம் பண்ணுகிற தனக்கோடி, "ஏம்பா, நம்ம ஆளா இருந்துக்கினு நம்ம தெருவையே எழுதிக் குடுத்துட்டியே" என்றான். அதிலிருந்து நான் டீக்கடையில் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. குழாயடியில் உங்கள் அத்தையோடு யாரும் பேசுவதில்லை. அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "இனிமே உங்க வரப்புகிட்டயே போய்ப் பேசிக்குங்க." ஒன்பது நாளே எனக்குத் தாங்கவில்லை, காலனி ஜனங்கள் ஆயுசு முழுக்க இதை எப்படித் தாங்குகிறார்கள் என்று ஒரு மத்தியானம் யோசித்தேன். யோசிக்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

வருகிற புதன்கிழமை அதிகாரி விசாரணைக்கு வருகிறார். ஆபீசில் தினமும் மனுக்களுக்குப் பதில் எழுதுகிற கை உங்களுடையது. மனுவை வாபஸ் வாங்குவதாக, யாருக்கும் கோபம் வராதபடி ஒரு தாள் எழுதி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். வரப்புக்கு நானே சிமென்ட் போட்டுக்கொள்கிறேன்.

பெருமுக்கல் மலைமேல் இருக்கிற சாமி உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள மாமா,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது காலனி இருசப்பன் வந்தான், இருபது வருஷமாக நம் பாத்தியில் உப்பு வாருகிறவன். அவன் பெண்சாதி கொளஞ்சியம்மாள் காலையில் இறந்துவிட்டாள். வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னான்: "எங்களால உங்களுக்கு ஊர்ல சங்கடம் வேணாங்க. வரப்பு மேலயே போயிடறோம். நேத்து மழை பேஞ்சிருக்குது, அதனால தூக்கறதுக்கு நாலு பேரு மட்டும் வர்றோம். வரப்பு ஒடையாதுங்க." நான் எதற்காக மனு போட்டேன் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தாளை எழுத வேண்டாம். மனு என்னுடையதுதான் என்று புதன்கிழமை சொல்லப் போகிறேன். இன்றைக்குத் தெருவா வரப்பா என்று இருசப்பன் சொல்லட்டும், சாவு அவன் வீட்டுச் சாவு. எந்த வழியானாலும், தூக்குகிற நாலு பேரில் ஒருவன் நான் என்று சொல்லிவிட்டேன்.