வாளுறைக்கு நான் அடித்த வார்னிஷ்

பழைய பொருளைப் பார்த்தால் கை பரபரக்கும் வியாதி எனக்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறைத்துவிட்டேன்.

மாமனார் ஊர் அரூர்ப் பக்கம். மாரியம்மன் பண்டிகையன்று அவர் தங்கள் குடும்பத்து வாளை உருவி எலுமிச்சம்பழம் வெட்டினால்தான் கரகம் கிளம்பும். ஊரில் அவர்களுக்குள்ள மரியாதையே அதுதான். (மற்ற நாட்களில் வாள் பீரோவுக்கு மேலே சூட்கேஸ்களோடு கிடக்கும்.)

என் கண் அதன் மர உறைமேல் விழுந்தது. உடலெல்லாம் செதுக்கிய கொடி, கொடியில் கிளி, வாய்ப்பக்கம் ஒரு யாளி. அத்தனையும் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "புதுசாக்கித் தரேன் மாமா" என்றேன். புது மாப்பிள்ளையிடம் வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நாலு வீடியோ பார்த்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளியின் கண்வரை தேய்த்தேன். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்தேன். அத்தோடு நிறுத்துபவன் அறிவாளி. நான் கரையானுக்குப் பயந்து உறைக்குள்ளேயும் அரை டப்பா ஊற்றிக் குலுக்கினேன். அது காய்வதற்குள் சொந்தக்காரர்கள் பண்டிகைக்கு வந்துவிட்டார்கள். காட்ட வேண்டுமே! வாளைச் செருகி, ஷோகேஸில் சின்ன விளக்குப் போட்டு வைத்தேன். யாளி பளபளத்தது. நானும்தான்.

பண்டிகைக் காலை. பம்பைச் சத்தம் நின்றது. மாமனார் கண்களை மூடி வாளை இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். உறையோடு சேர்ந்து அவரே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன மாப்ள பண்ணீங்க?" என்றார், உதடு அசையாமல்.

"வார்னிஷ் மாமா..."

"உள்ளாறயுமா?"

நான் உறையைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் தன் அப்பாவின் இடுப்பைப் பிடித்தான். கூட்டத்தில் ஒருவர், "மாப்ள பக்கம் ஆள் கம்மியா இருக்குது, ரெண்டு பேரு போங்கடா!" என்றார். போனார்கள். பம்பைக்காரருக்கும் கை சும்மா இருக்கவில்லை, இழுப்புக்கு ஏற்ப அடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது இழுப்பில் 'படக்'! நான் உறையோடு தேங்காய்க் குவியலில். மாமனார் வாளோடு மச்சான் மடியில். உட்கார்ந்தபடியே எலுமிச்சம்பழத்தை வெட்டினார். விசில் பறந்தது. கரகம் கிளம்பியது.

மறுவாரமே ஆசாரி ஒருவர் உள்ளே சுரண்டிச் சரிசெய்துவிட்டார். இரண்டு விரலால் உருவலாம். அடுத்த வருடம் மாமனார் அப்படித்தான் உருவினார். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதெப்படீங்க? மாப்ளய கூப்புடுங்க. இழுத்துத்தான் எடுக்கணும்!"

பத்து வருடமாக உறையை இறுகப் பிடிக்கிறேன். மூன்றாவது இழுப்பில் முறைப்படி விழுகிறேன். போன மாதம் கடைசி மச்சினியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனிடம் வேலை, படிப்பு எதையும் மாமனார் விசாரிக்கவில்லை.

"ஏன் தம்பி, கீழ வுழுந்தா அடி தாங்குவீங்களா?"