ரூபி டெம்பெஸ்டாஜியைப் பெற்றவன் எழுதுவது

நோவா இகுவாசு,
பிப்ரவரி முதல் வாரம்

மதிப்பிற்குரிய ஜுரேமா அக்காவுக்குத் தம்பி அடெல்மோ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி நீங்கலாக இங்கு நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல்.

எடிக்ளேய் என்ன செய்கிறான் என்று கேட்டிருந்தாய். முடிதிருத்தும் கடையில் நல்ல பேரோடு இருந்த என் மகன், இப்போது கன்னத்தில் சாயமும் காலில் ஒரு சாண் குதிகால் செருப்புமாகப் பெண் வேடத்தில் மேடையேறி ஃபங்க் என்கிற குத்துப்பாட்டு பாடுகிறான். மேடைப் பெயர் ரூபி டெம்பெஸ்டாஜி, புயலாம்! அந்தப் புயல் என் வீட்டுக்குள்தான் வீசுகிறது. சவரம் செய்யப் போனால் குளியலறையில் ஏழு பொய்முடிகள் ஈரம் சொட்டத் தொங்குகின்றன. ரொட்டி வாங்கப் போனால் கடைக்கார ஜுல்மிரா, "உங்க பொண்ணு அடுத்து எங்க பாடுறா?" என்கிறாள். "எனக்குப் பொண்ணே கிடையாதும்மா, ஒரே பையன்." "அட, அவளைத்தானே கேக்கறேன்!" ஞாயிறு பூசையில் பாதிரியார் என் வழுக்கையில் ஒட்டியிருந்த ஜிகினாவைப் பார்த்துவிட்டு, "என்ன அடெல்மோ, உனக்கு மட்டும் கார்னிவல் ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

இந்த லட்சணத்தில் கார்னிவல் திருவிழாவுக்கு நம் ஊர்ச் சதுக்கத்திலேயே பாட அவனை அழைத்தார்கள். அனுமதி கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன், சத்தியம். எனக்கு முன்னால் கவுன்சிலர் வால்டோமிரோ எழுந்து, "இந்த அசிங்கத்தைப் பெத்தவன் எவனோ, வெக்கமிருந்தா வெளிய தலைகாட்ட மாட்டான்" என்றார். அவ்வளவுதான், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ!

"நான்தான்யா பெத்தேன்! அவங்கம்மா ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா கெடந்தப்போ குளிப்பாட்டி, தலைவாரி, அவ கவுனையே மாட்டிக்கிட்டு ஆடிப்பாடிச் சிரிக்க வச்சவன் அவன். சாகுற அன்னைக்குக்கூட அவ சிரிச்சாய்யா! நீ யாரைச் சிரிக்க வச்சிருக்க?"

கூட்டமே எழுந்து கைதட்டியது. நிகழ்ச்சிக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. போன காரியம் என்ன, நடந்தது என்ன, பார்த்தாயா? நான் கத்தியதை எவனோ கைபேசியில் படம் பிடித்திருக்கிறான். எடிக்ளேய் அதிலிருந்து "நான்தான்யா பெத்தேன்!" என்பதை மட்டும் வெட்டி, தாளம் சேர்த்துப் புதுப் பாட்டில் போட்டுவிட்டான். தெருவில் கால் வைத்தால் ஊரே என்னைப் பார்த்து அதைக் கத்துகிறது. மனுஷன் வாழ முடியலக்கா! வெள்ளிக்கிழமையே அங்கு வந்துவிடுகிறேன். கார்னிவல் முடியும்வரை எனக்கு ஓர் அறை ஒதுக்கி வை.

மாதா உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி அடெல்மோ

பி.கு.: அறை வேண்டாம். அந்த ஒரு வரியை மேடையில் நானே கத்த வேண்டும் என்கிறான் எடிக்ளேய். "முடியவே முடியாது, போடா" என்று திட்டிவிட்டேன். மேடையில் போட்டுக்கொள்ளச் சிவப்புச் சட்டைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. நீயும் அத்தானும் சீக்கிரம் வந்து முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.