சம்மட்டி சார் காட்டிய மங்கலான கீற்று

தருமபுரி மாவட்டத்தில் பூமியை ஓங்கி அடித்துவிட்டு, அது சொன்ன பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்டுக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் சம்மட்டி சார்தான். போர்வெல்லுக்கு இடம் பார்த்துச் சொல்லும் சின்ன அலுவலகம் எங்களுடையது. தரையில் இரும்புத் தகட்டை வைத்து அவர் சம்மட்டியால் அடிப்பார். பாறையில் பட்டுத் திரும்பும் அதிர்வை, வரிசையாகக் குத்திவைத்த கருவிகள் பிடிக்கும். லேப்டாப் அதைப் படமாக்கும். படத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை.

அடிக்கும் நேரத்தில் ஊரே மூச்சு விடக் கூடாது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒருமுறை டவுன் பஸ்ஸையே மறித்துவிட்டார்.

"ரெண்டே நிமிசம் இஞ்சின ஆஃப் பண்ணுங்க."

"பண்ணா நீங்கதான் தள்ளணும்ங்க" என்றார் டிரைவர். தள்ளினோம்.

மற்றவர்கள் நாள் முழுக்க ஓட்டும் கணக்கை, தானே எழுதிய புரோகிராமால் இட்லி வேகும் நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் மனிதர் ஒரே பிடிவாதம். ஆழம் போகப் போக எதிரொலி தேயும். தூரத்தால் தேய்ந்ததை மட்டும் கணக்குப் போட்டுத் திருப்பித் தரலாம், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அவர் கட்சி. எல்லா எதிரொலியையும் ஒரே பிரகாசமாக்கும் வசதியும் சாப்ட்வேரில் உண்டு. அந்தக் கீயின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். "முணுமுணுத்தவனையும் கத்துனவனையும் ஒண்ணாக்கிட்டா அப்புறம் எதுக்குய்யா கேக்கணும்?" என்பார்.

கம்பைநல்லூர் மேரியக்காவின் மல்பெரித் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு போர் பொய்த்துவிட்டன. இதுவும் பொய்த்தால் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போவதுதான் வழி. சாரின் படமோ கருகிய தோசை மாதிரி இருந்தது. அவர் டீ குடிக்கப் போனதும், அக்காவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நான் பிளாஸ்திரியை உரித்துவிட்டு அமுக்கினேன். படம் முழுக்க ஒரே தீபாவளி! படத்தில் வீட்டை ஒட்டிப் பளபளத்த இடத்துக்கு அக்கா ஓடிப்போய் அடையாளக் கல்லை நட்டுவிட்டார்.

சார் வந்து பார்த்தார்.

"அது தண்ணி இல்லீங்கக்கா, இந்தாளு பூசுன பவுடரு" என்று கல்லைப் பிடுங்கி எறிந்தார். பழைய படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, எருக்குழி ஓரம் மங்கலாகத் தெரிந்த கீற்றைக் காட்டினார்.

"இத்துனூண்டாங்க?"

"அவ்வளவுதான் சொல்லுதுங்க. வந்தாக் கொஞ்சமாத்தான் வரும். பாதித் தோட்டத்துக்குப் பத்தும்."

அக்கா என்னை முறைத்துவிட்டு, எருவை அள்ள மண்வெட்டியை எடுத்தார்.

மறுநாள் அங்கேயே போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. கொஞ்சமாகத்தான் வந்தது. பாதி மல்பெரி அதில்தான் பிழைத்தது. அக்கா ஓசூர் போகவில்லை.

"கோடையிலயும் நிக்குமாங்க?" என்று தண்ணீர் வந்த அன்றைக்கே அக்கா கேட்டார். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"தெரியலீங்கக்கா" என்றார் சார்.

"முன்னாடி வந்தவங்க எல்லாம் கேரண்டின்னாங்க. நீங்க ஒருத்தருதான் தெரியலைங்கறீங்க. வூட்டுக்கு வாங்க, சாப்புட்டுத்தான் போகணும்."

ஒரே ஒரு இலைதான் போட்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அவருக்கும் ஒரு எல போடுங்கக்கா" என்றார் சார். "உங்க மொகத்தப் பாத்துத்தான் அந்தத் தப்பப் பண்ணாரு."

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.