பனிமுனிச் சித்தரும் பத்துத் தாயத்தும்

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் பூண்டு வாங்க வந்தவர்களைவிடத் தாயத்து வாங்க வந்தவர்களே அதிகம். ஒரு வாரமாக ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று மலையைச் சுற்றி அலறியிருந்தது.

"பனிமுனிச் சித்தரின் தாயத்து! தோட்டத்தில் கட்டினால் பனி விழாது! கையில் கட்டினால் கல்யாணம் கூடும்! கழுத்தில் கட்டினால் பரீட்சை பாஸ்!"

காலில் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ரோஸ் நிற நோட்டீஸ் பறந்தது. பணமில்லாதவர்கள் பூண்டாகவும் செலுத்தலாமாம். உலகத்தைத் துறந்த சித்தர் பூண்டை மட்டும் துறக்கவில்லை!

கவுஞ்சி கிராமத்து முருகம்மாள் போன மார்கழிப் பனியில் பயிரைப் பறிகொடுத்தவள். மிச்சமிருந்த விதைப்பூண்டு மூட்டையைச் சுமந்துவந்து, சர்புன்னிசாவின் வளையல் கடையில் மூச்சு வாங்க நின்றாள்.

"விதையக் குடுத்துட்டு எதைக்கா நடப்போறீங்க?" என்றாள் சர்புன்னிசா.

"தாயத்து இருக்குல்ல பாயம்மா!"

"தாயத்தையா நடுவீங்க?"

"நோட்டீசுல போட்டிருக்கே. பொய்ய யாராச்சும் அச்சடிப்பாங்களா?"

சர்புன்னிசா நோட்டீசை வாங்கி வாசித்தாள். கடைசி வரி கொட்டை எழுத்தில் இருந்தது: 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்! அசல் எதுவென்று சித்தர் தொட்டவுடன் சொல்லிவிடுவார்!'

அவள் கடையிலும் சித்தர் விற்கிற அதே தகரத் தாயத்துகள் கொத்தாகத் தொங்கின. ஒன்பதை எடுத்து, பூண்டுத் தோலைத் திணித்து மெழுகால் அடைத்தாள். அசல் ஒன்று வேண்டுமே? வியாபாரம் பெருக வேண்டுமென்று அவள் புருஷன் இப்ராம்சா நேற்றுத்தான் வேனில் ஒன்று வாங்கிக் கட்டியிருந்தார்.

"அவுக்காத புள்ள, பலன் போயிரும்!"

"வந்தாத்தானே போறதுக்கு!" அறுத்தே எடுத்துவிட்டாள்.

சித்தர் உட்கார்ந்திருந்த வேன் முன்னால் நெரிசல். சர்புன்னிசா பத்தையும் தட்டில் வைத்து நீட்டினாள்.

"சாமி, போலி கலந்து கெடக்குங்க. அசலைத் தொட்டுச் சொல்லுங்க."

"நேரமில்லை தாயே" என்று சித்தர் நெளிந்தார்.

"நோட்டீசுல நீங்கதான சாமி போட்டிருக்கீங்க?"

"தொடுங்க சாமி! வெரசாத் தொடுங்க!" பக்தர்கள் பரவசத்தில் குதித்தார்கள். வேறு வழி?

கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். "ஆகா! அக்கினியாய்ச் சுடுகிறது! இதுவே அசல்!"

முருகம்மாள் அதை வாங்கிப் பல்லால் மெழுகைப் பெயர்த்தாள். "பூண்டுத் தோலு, சாமி!"

இரண்டாவதும் சுட்டது. தோல். மூன்றாவது சுடும்போது, ஸ்வெட்டர் போட்டும் ஊரே நடுங்குகிற அந்தக் குளிரில் சித்தருக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்றாவதும் தோல்தான்!

மீதியைச் சர்புன்னிசாவே உடைத்தாள். கடைசியில் இப்ராம்சாவின் தாயத்து. உள்ளே சுருட்டியிருந்தது பழைய சினிமா நோட்டீஸின் ஒரு கிழிசல். அதில் இரண்டே வார்த்தை: 'இன்றே கடைசி!'

சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேன் நழுவப் பார்த்தது. ஜனங்கள் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கொடுத்த மூட்டைகளெல்லாம் திரும்ப இறங்கின.

முருகம்மாள் தன் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருசமும் பனி விழுந்தா என்ன செய்வீங்க?" என்றாள் சர்புன்னிசா.

"வைக்கோலப் போட்டு மூடணும். எனக்குத் தெரிஞ்ச சோலிதான பாயம்மா!"

தெரிந்த சோலிதான். ஆனால் வைக்கோலுக்கு ஒலிபெருக்கி வைப்பார் இல்லை. மூளைக்கும் அப்படித்தான். இலவசமாகவே வந்த சரக்கு. விளம்பரம் இல்லாத ஒரே காரணத்துக்காக அதைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்களே, ஒரு நாளாவது உபயோகித்துப் பாருங்களேன்!