எவாரிஸ்தோவின் கார் மட்டும் ஏன் முனகவில்லை?

ஓல்கீன் நகரில் ரொட்டிக்கு நிற்கும் வரிசையைவிட நீளமான வரிசை ஒன்று உண்டென்றால், அது சனிக்கிழமை காலையில், ஊரே மரியாதையாக 'தோன்' என்றழைக்கும் எவாரிஸ்தோவின் வாசலில் நிற்பதுதான். ரொட்டி வயிற்றை மட்டும்தானே நிரப்பும்? எவாரிஸ்தோ கார்களிடம் பேசுகிறவர் ஆயிற்றே!

"யார் கடைசி?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு காராக வந்து சேரும். எல்லாம் ஓட்டுநரைவிட வயதில் மூத்த கார்கள். பள்ளத்தில் இறங்கினால் முனகும், பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும். சஸ்பென்ஷன் புஷ் போய்விட்டது என்று அர்த்தம். புஷ் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பர் கிழிந்தால் புதிது போட வேண்டும். எங்கள் ஊரில் அதை அவரவர் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொள்வார்கள். எந்தக் கருவி வேண்டும் என்பதுதான் கேள்வி. சாதாரண மனிதன் அளந்து பார்த்துச் சொல்வான். எவாரிஸ்தோ என்ன சாதாரண மனிதரா?

சர்க்கரை ஆலைப் பட்டறையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். ஆலையை மூடியபோது கருவிகளும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டன. இப்போது சிவப்புத் துணியின் மேல் வரிசையாகப் படுத்திருக்கின்றன. கறுப்பு நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணை மூடி, "சொல்லு மகனே, உனக்கு எது வேணும்?" என்று காரைக் கேட்பார். நட்டு ஊசலாடி ஒரு கருவியின் மேல் வந்து நிற்கும். ரம் பாட்டிலும் பன்றித் தொடையும் கொண்டுவந்தவரின் கார், புஷ்ஷை நசுக்காமல் அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸைத் தவறாமல் கேட்கும். காப்பிப் பொடி கொண்டுவந்தவரின் கார் சுத்தியலோடு திருப்தி அடைந்துவிடும். கார்களுக்குத்தான் எவ்வளவு பணிவு!

கருவி ஒரு வார வாடகைக்கு. கூடவே ஒரு கட்டளை: "சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே நட்டை முடுக்கிடணும். தரையைத் தொட்டுட்டா சக்தியெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கிடும்."

மூன்று மாதத்தில் ரப்பர் மறுபடி கிழியும். "முடுக்கும்போது சந்தேகப்பட்டியா?" என்பார் எவாரிஸ்தோ. ஒரு நொடிகூடச் சந்தேகப்படாதவன் உலகத்தில் யார்? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்பான். அத்தாட்சியாக முற்றத்திலேயே எவாரிஸ்தோவின் நீலக் கார் நின்றது. ஆறு வருடமாக ஒரு முனகல் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் ஷேர் டாக்ஸி ஓட்டும் ஒஸ்மெல் இருந்தான். வாகனப் பரிசோதனையில் இரண்டு முறை தோற்றிருந்தான். திங்கட்கிழமை மூன்றாவது முறை. அதிலும் தோற்றால் டாக்ஸி உரிமம் போய்விடும். அதைவிட்டால் அந்த வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. சென்ற வாரம்தான் புது புஷ் போட்டிருந்தான். வாடகைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, பல்லைக் கடித்துச் சந்தேகத்தை அடக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கிவிட்டான். இன்று சுத்தியலைத் திருப்பிக் கொடுத்து, ஆசி வாங்க வந்திருந்தான். பக்கத்து இருக்கையில் மனைவி நெரெய்தா, தையல்காரி.

"ஏங்க, பாலத்துக்கிட்ட மறுபடியும் இழுத்துச்சே?"

"சத்தம் போடாதே. கார் காதுல விழும்."

"இருபத்திரண்டு வருஷமா நான் பேசறது உங்க காதுலயே விழலை. காருக்கு விழுந்துடுமா?"

"நெரெய்தா!"

"நான்தான் நாடாவெச்சு அளந்து சொன்னேனே. நீளமா மறை போட்ட கம்பி ஒண்ணு, ரெண்டு நட்டு, புஷ்ஷைவிடக் கொஞ்சம் அகலமா ஒரு குழாய்த் துண்டு. நட்டைத் திருகினா மெதுவா உள்ள போயிடும். சுத்தியலால அடிச்சா ஓரம் நசுங்குமேன்னு சொன்னேனா இல்லையா?"

"நீ தைக்கிறது பாவாடை. இது கார்."

அவர்கள் முறை வந்தது. முற்றத்தில், காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டியிருந்த குழிமேல் கார் போய் நின்றதும் நெரெய்தா இறங்கினாள்.

"தோன் எவாரிஸ்தோ, எனக்கு ஒரு சந்தேகம்."

முற்றம் அதிர்ந்தது. கோவிலில் செருப்பைத் தூக்கி எறிந்ததுபோலக் கூட்டம் அவளைப் பார்த்தது.

"கேளும்மா" என்றார் எவாரிஸ்தோ. பெருந்தன்மை அவருக்கு இலவசம்.

"துணியை முறுக்கிவெச்சுத் தைச்சா, போட்டுக்கிட்டதும் தையல் இழுக்கும். கொஞ்ச நாள்ல கிழியும். இதுவும் அப்படித்தானோன்னு பாக்கணும். ஒரே ஒரு நட்டைத் தளர்த்தறேன்."

குழிக்குள் இறங்கினாள். புஷ்ஷின் நடுக்குழாயிலிருந்து அதைப் பிடித்திருக்கும் பட்டைவரை, தையல் சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்தாள். நாலு பேரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். ஒஸ்மெல் நட்டுக்கு ஸ்பேனரைக் கொடுத்தான். அரைச் சுற்றுத்தான். 'டப்'பென்று நடுக்குழாய் துள்ளித் திரும்பியது. கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி விரற்கடை தள்ளிப் போய் நின்றது.

"பாத்தீங்களா?" எவாரிஸ்தோ கையை உயர்த்தினார். "சக்தி வெளியேறிடுச்சு! ஐயோ, ஒரு வாரச் சக்தி!"

"ஆ!" என்றது கூட்டம். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நெரெய்தா குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "ஒரு வாரச் சக்திக்கே இந்தத் துள்ளலா? அப்போ உங்க காருல ஆறு வருஷச் சக்தி இருக்குமே! தளர்த்தினா கூரையே பறக்குமே!"

எவாரிஸ்தோவின் முகம் காற்று இறங்கிய டயர்போல் ஆனது. "என் கார்... சனிக்கிழமை ஓய்வு."

அவரைக் கவிழ்த்தது நெரெய்தா அல்ல, அவருடைய பக்தர்கள். "காட்டுங்க தோன்! அவ வாயை அடைங்க!" என்று கத்தி, ஒஸ்மெலின் காரை ஒதுக்கிவிட்டு நீலக் காரை அவர்களே குழிமேல் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பக்தி முற்றினால் கடவுளையே குழியில் தள்ளும்.

மறுபடி சாக்பீஸ், மறுபடி ஒரு கோடு. பின்வரிசையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். ஒருத்தர் தன் காரைப் பத்தடி பின்னுக்கே நகர்த்திவிட்டார். ஒஸ்மெல் அரைச் சுற்றுத் தளர்த்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

முழுச் சுற்று. கோடு போட்டது போட்டபடி நேராகவே இருந்தது.

"ரெண்டுல ஒண்ணுதான்" என்றாள் நெரெய்தா. "ஒண்ணு, உங்க காருல சக்தியே கிடையாது. இல்லேன்னா, கார் தரையில நிக்கும்போதுதான் இதை முடுக்கியிருக்கீங்க. அப்போ ரப்பர் முறுக்கிக்காது. நிக்கிற நிலையில சும்மா இருக்கும். அதான் ஆறு வருஷமா கிழியலை. எங்களை மட்டும் ஏன் அந்தரத்துல முடுக்கச் சொன்னீங்க? மூணு மாசத்துல திரும்பி வரணும்னா?"

எட்டு மாதத்தில் மூன்று முறை வந்திருந்த ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார்: "தோன்... நான் குடுத்த பன்னித்தொடை?"

எவாரிஸ்தோவுக்கு அவசரமாக வீட்டுக்குள் ஏதோ வேலை வந்துவிட்டது. கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. அந்த நட்டு மட்டும் நன்றாகவே முடுக்கப்பட்டிருந்தது.

ஒஸ்மெல் அங்கேயே தன் காரை மறுபடி குழிமேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி மறுபடி முடுக்கினான். திரும்பும்போது பாலத்தில் கார் இழுக்கவில்லை. திங்கட்கிழமை பரிசோதனையில் முத்திரை விழுந்தது. பாவாடை பற்றி அவன் அதற்கப்புறம் வாயே திறப்பதில்லை.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த சனிக்கிழமை காலை நெரெய்தா கதவைத் திறந்தால் வாசலில் பதினான்கு கார்கள். "யார் கடைசி?" என்று ஒரு குரல்.

"என்ன வேணும்?"

முதலில் நின்றவர் பயபக்தியோடு ரம் பாட்டிலை நீட்டினார். "அந்த அற்புத சாக்பீஸ்ல ஒரு துண்டு, தாயே!"

நெரெய்தா பாட்டிலைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தாள். "இது மூலைக் கடையில விக்கிற சாக்பீஸ்யா. கோடு மட்டும்தான் போடும். 'உன் காருக்கு நீ எப்படி முடுக்கினே?'ன்னு ஆறு வருஷமா ஒருத்தனும் எவாரிஸ்தோவைக் கேக்கலையே! அந்தக் கேள்வியை எந்தக் கடையிலய்யா வாங்குவீங்க?"