மூலையைப் பார்க்காதவர்

கண்பார்வை நன்றாக இருந்தும், தமக்கு லாபமாக விழுந்த தப்பு மட்டும் கண்ணில் படாத ஒரு மனித இனம் இருக்கிறது. மருத்துவர்கள் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கண்ணாடி மாற்றினாலும் குணமாகாது. நீங்கள் இவர்களில் ஒருவரோடு பேருந்தில் தோள் உரசி உட்கார்ந்திருப்பீர்கள். கல்யாணமே செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி டெஸ்மண்ட் ஓல்ட்ராய்ட். கம்பளக் கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாக சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். சூப்பர்மார்க்கெட் ரசீதில் சாசேஜ் ரோலுக்கு நாற்பது பென்ஸ் கூடுதலாக விழுந்திருந்தால், கார் நிறுத்தத்திலிருந்து மழையில் திரும்பி நடந்து, பதினோரு பேர் நிற்கும் வரிசையின் கடைசியில் போய் நின்று, காருக்குள் உறைந்த பட்டாணி உருகுவதைப் பற்றிக் கவலைப்படாமல், அந்த நாற்பது பென்ஸை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அப்பேர்ப்பட்ட கண். ஆனால் தன் சம்பளச் சீட்டின் மேல்மூலையில் இருக்கும் வரிக் குறியீட்டை அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்றால், பார்க்காமல் இருப்பதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மூலையில் என்ன இருந்தது? நாலு எண், ஒரு எழுத்து. ஆண்டுச் சம்பளத்தில் இவ்வளவு பவுண்டு வரை இவருக்கு வரி கிடையாது என்று சொல்லும் சங்கேதம். ஆளுக்கு ஒரு சலுகைதான். இரண்டு வேலை பார்த்தாலும் ஒன்றில்தான் கழிக்க வேண்டும். டெஸ்மண்டுக்கு இரண்டு வேலை. போன ஆண்டு ஏப்ரலில் ஊருக்கு வெளியே ஒரு செடிக்கடையில் சனி, ஞாயிறுகளில் வேலைக்குச் சேர்ந்தார். சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'இப்போது இதுதான் என் ஒரே வேலை' என்று ஒரு கட்டம், 'எனக்கு வேறு வேலையும் உண்டு' என்று ஒரு கட்டம். டெஸ்மண்ட் யோசித்தார். வேலை என்றால் மேஸ்திரி கத்த வேண்டும், முதுகு வலிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்காக ஏங்க வேண்டும். ஜெரேனியம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மாக்களிடம் உரம் பற்றிப் பேசுவது வேலையா? அப்படியானால் மொத்தத்தில் அவருக்கு ஒரு வேலைதானே? முதல் கட்டத்தில் டிக் அடித்தார். மனசாட்சி சுத்தம்.

அன்றிலிருந்து இரண்டு சீட்டிலும் ஒரே குறியீடு. செடிக்கடைச் சம்பளம் மாதம் ஐந்நூற்று எண்பது பவுண்டு, ஒரு பென்னி வரி இல்லாமல் முழுசாக வந்தது. முதல் மாதம் கொஞ்சம் துணுக்குற்றார். இரண்டாம் மாதம் தன் உழைப்பை எண்ணிப் பெருமைப்பட்டார். மூன்றாம் மாதம் முதல், சீட்டு வந்தவுடன் மேல்பகுதியைப் பின்பக்கமாக மடித்துவிட்டுக் கீழே தொகையை மட்டும் படித்தார்.

தேநீர் இடைவேளையில் கிடங்குத் தோழர் காலின் அந்த மடிப்பை ஒருநாள் பிரித்துவிட்டார்.

“என்னப்பா இது, இங்கயும் செடிக்கடையிலயும் ஒரே டாக்ஸ் கோடு போட்டிருக்கான்? ஒரு போன் பண்ணிச் சொல்லிரு.”

“கம்ப்யூட்டர் போட்டது அது. நீ என்ன, கம்ப்யூட்டர விடப் பெரிய ஆளா?”

“பின்னால மொத்தமா கேப்பாங்க டெஸ்.”

“கேக்கட்டும். கேட்டாத் தர்றேன். கேக்காதவங்க கையில கொண்டுபோய்த் திணிக்க நான் என்ன சர்ச்சா நடத்துறேன்?”

இந்த இனத்தின் வேதவாக்கு இதுதான். கேட்டால் தருவார்கள். எதிராளி கேட்பது காதில் விழக் கூடாது, அவ்வளவே. வசந்தத்தில் வரி அலுவலகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது: குறியீட்டைச் சரிபாருங்கள், தப்பென்றால் சொல்லுங்கள். ஜூலையில் இன்னொன்று வந்தது. இரண்டும் பிரிக்கப்படாமலே ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. அங்கே, ரொட்டித் துகள்களுக்கு நடுவில், இரண்டு பழுப்பு நிற மௌனங்கள்.

இதற்கிடையில் அவர் மனைவி ஹேசலுக்கு அக்டோபரில் அறுபது வயது. அதுவரை அவர் விமானம் ஏறியதில்லை. செடிக்கடைப் பணத்தில் மடீராத் தீவில் இரண்டு பேருக்கு ஒரு வாரம் என்று முன்பணமும் கட்டி, அது போக ஆயிரத்து நானூறு பவுண்டும் சேர்த்தாயிற்று. மீதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். ஹேசல் நீச்சலுடைகூட வாங்கிவிட்டார். சமையலறையில் பாத்திரம் கழுவி முடித்து அவர் அதை உடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டதை டெஸ்மண்ட் கதவிடுக்கில் கண்டு, கூடத்துக்கு நகர்ந்து, அந்த மாதச் சம்பளச் சீட்டை இன்னொரு மடிப்பு மடித்து வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹேசல் ரொட்டி டப்பாவை நகர்த்தித் துடைத்தார். டெஸ்மண்ட் வேலை முடிந்து வந்தபோது, தேநீர்க் குடுவைக்குப் பக்கத்தில் இரண்டு கடிதமும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பாக்கி: ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பவுண்டு.

“இதுக்கும் நம்மகிட்ட இருக்கிறதுக்கும் எட்டுப் பவுண்டுதான் வித்தியாசம்,” என்றார் ஹேசல். குரல் உயரவில்லை. குரல் உயராத ஹேசலை டெஸ்மண்ட் முப்பத்து நாலு வருடத்தில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார்.

ஹேசலே வரி அலுவலகத்தின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைத் திறந்து, போனை நடுவில் வைத்தார். நாற்பது நிமிடம் ஒரே பியானோத் துண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு ஸ்காட்லாந்துப் பெண்குரல். டெஸ்மண்ட் இது கம்பெனிக்காரர்களின் குளறுபடி என்றார், கம்ப்யூட்டர் என்றார், கடைசியில் தபால்காரரையும் இழுத்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இல்லீங்க மிஸ்டர் ஓல்ட்ராய்ட். இது உங்க ஒரே வேலைன்னு நீங்க சொன்னதாத்தான் செடிக்கடைக்காரங்க அனுப்பினதுல இருக்கு.”

ஹேசல் கணவரைத் திரும்பிப் பார்த்தார். “ஒரே வேலையா? அப்ப பதினஞ்சு மாசமா சனி ஞாயிறு எங்க போயிட்டிருந்த நீ?”

மறுமுனையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

நல்லவேளை, மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லையாம். குறியீட்டை இப்போதே திருத்திவிடுவார்கள். இந்த ஆண்டுக் குறையை இந்த ஆண்டுக்குள்ளேயே பிடித்துவிடுவார்கள். போன ஆண்டுப் பாக்கியை அடுத்த ஏப்ரலிலிருந்து மாதம் நூற்றுப் பதினாறாக, பன்னிரண்டு மாதம், சம்பளத்திலேயே கழித்துக்கொள்வார்கள். சேமிப்பைத் தொட வேண்டாம். மடீரா பிழைத்தது.

இங்கேயாவது வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றியிருக்கலாம். ஆனால் இனம் என்று ஒன்று இருக்கிறதே. டெஸ்மண்ட் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

“பாத்தியா? நான் ஒண்ணுமே பண்ணல, தானா சரியாயிருச்சு.”

ஹேசல் எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு வாரத்து வெயில் அப்போதே ஏறியிருந்தது.

“மடீராவுக்கு என் தங்கச்சி ரீட்டா வர்றா. டிக்கெட்ல உன் பேர எடுத்து அவ பேரப் போட அறுபது பவுண்டாம். அதை நீதான் குடுக்கற.”

“அப்ப நான்?”

“நீ செடிக்குத் தண்ணி ஊத்து கண்ணு. அதுதான் வேலையே இல்லையே, ஓய்வாத்தான் இருக்கும்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் ஓட்டலில் நாலு தோசை சாப்பிட்டதற்கு மூன்று தோசைக்குப் பில் வந்ததே, அப்போது சர்வரைக் கூப்பிட்டீர்களா? இல்லை, டிப்ஸில் ஐந்து ரூபாய் கூட்டி வைத்து, காலால் செருப்பைத் தேடினீர்களா? யோசிக்க வேண்டாம், நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். அன்று உங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்.