யாரும் கேட்காத லைன்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே, ஏன், இந்தப் பூலோகத்திலேயே கரண்டுக்கு வோல்ட்டுத் தம்பி பயந்த மாதிரி இன்னொருவர் பயந்திருக்க முடியாது. இத்தனைக்கும் அந்தத் தம்பிக்குச் சோறு போட்டதே கரண்டுதான். சொந்த ஊர் கோம்பை. நாய்கூடப் புலிக்குப் பயப்படாத ஊர் என்பார்கள். அந்த ஊருக்குச் சேர வேண்டிய பயத்தையெல்லாம் இவர் மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

சின்னமனூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். வோல்ட்டு என்பது தெரு வைத்த பேர். ரப்பர் செருப்பு மாட்டாமல் சுவிட்சுப் பக்கம் போக மாட்டார். போனாலும் விரல் படாது. என் அடுப்படி மரக்கரண்டியால்தான் தட்டுவார். குழம்பு கிண்ட நான் தேங்காய்ச் சிரட்டை அகப்பையைத் தேட வேண்டியதாயிற்று.

அப்படி என்ன வேலை?

"கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒரு புரோகிராம் ஆத்தா. எல்லாத்தையும் மேய்க்கிறது அதுதான். அதுல, எந்தச் சில்லுக்கு எம்புட்டு வோல்ட்டுன்னு அளந்து விடுற பகுதி ஒண்ணு இருக்கு. அதை எழுதிப் பாத்துக்கிறது நான்."

"கூட விட்டுட்டா?"

"கருகிரும்."

சொல்லும்போதே அவருக்கு வேர்த்தது. எனக்கும்தான். உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் கருகிவிடக் கூடாதே என்று தலைக்கு மேல் ஒருத்தர் நடுங்கினால், கீழே படுத்திருப்பவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஒரு வரி மாற்றி அனுப்புவதென்றால் குளித்து, திருநீறு பூசி, பட்டினி கிடப்பார். "எங்கெங்கயோ இருந்து கெர்னல் எழுதுறவுகல்லாம் படிச்சுட்டு மெயில்ல திட்டுவாக ஆத்தா."

"திட்டுனா திட்டட்டும்யா."

"திட்டாம விட்டாகன்னாதான் ரொம்பப் பயம். தப்பை ஒருத்தரும் பாக்கலைன்னு அர்த்தம்!"

தெருவில் நாலு வீட்டு மோட்டார் சேர்ந்து ஓடினால் எங்கள் விளக்கு மங்கிவிடும். அதற்காக வோல்ட்டு ஒரு போர்டு செய்து மாடிப்படிக்கு அடியில் மாட்டினார். வோல்டேஜ் குறைந்தால், 'வேணும்' என்று யாரும் கேட்காத லைனை அது அணைத்துவிடும். அவருடைய புரோகிராமுக்கும் அதே குணமாம். அணைக்கவே கூடாத லைனுக்கு 'எப்பவும் ஆன்' என்று எழுதி வைக்க வேண்டும். ஆபத்துக்கு, எல்லா லைனையும் போட்டுவிட ஒரு பெரிய சுவிட்சும் பக்கத்தில் இருந்தது.

யார் யாருக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டார். மகன் டிவி என்றான். மருமகள் பிரிட்ஜ் என்றாள்.

"ஆத்தா, உங்க ரூமுக்கு?"

என் அறையில்தான் இழுப்புக்கு மருந்து பிடிக்கிற மூச்சு மிஷின் இருந்தது. ஆனாலும், "எனக்கென்னப்பா, ஒண்ணும் வேணாம்" என்றேன். நம் பக்கத்தில் காப்பி கொடுத்தாலே முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வோம்? மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம் என்போம், அப்புறம் வாங்கிக் குடிப்போம். வோல்ட்டு ஒரு தரம்தான் கேட்டார். அப்படியே எழுதிவிட்டார்.

ஒரு மத்தியானம் எனக்கு மூச்சு இழுத்தது. மகனும் மருமகளும் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். மருந்தை ஊற்றி, மூடியை முகத்தில் வைத்து மிஷினைப் போட்டேன். ஓடவில்லை. தெருவில் மோட்டார்கள் உறுமின. அடுப்படியில் பிரிட்ஜ் சுகமாக ஓடியது. என் அறை மட்டும் செத்துக் கிடந்தது.

கத்த மூச்சில்லை. இருந்திருந்தாலும் கத்தியிருப்பேனா? மாடியில் வேலையில் இருக்கிற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் அந்த வெட்கம் போனது. தட்டுத்தடுமாறிப் போய்ச் சொம்பால் படிக்கட்டுக் கம்பியில் அடித்தேன்.

"வெடிச்சிருச்சா? வெடிச்சிருச்சா?" என்று அலறிக்கொண்டே இறங்கினார். என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். கரண்டியைத் தேடவில்லை. செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலும் வெறுங்கையுமாக அந்தப் பெரிய சுவிட்சை ஓங்கி அறைந்தார். மிஷின் ஓடத் தொடங்கியது.

எனக்கு மூச்சு சீரானதும் அவருக்கு வாங்க ஆரம்பித்தது. மிஷின் மூடியை அவர் பக்கம் நீட்டினேன்.

"ஒண்ணும் வேணாம் ஆத்தா" என்றார்.

"நானும் அப்படித்தானய்யா சொன்னேன்."

படியில் உட்கார்ந்துவிட்டார். "யாரும் கேக்கலைன்னு என் புரோகிராமுல ஒரு லைனுக்கு 'எப்பவும் ஆன்'ங்கிறதை எடுத்துட்டு, இன்னிக்கு அனுப்ப இருந்தேன் ஆத்தா. அங்கன எந்த மிஷின் இருக்கோ, யாரு மூச்சு இருக்கோ!"

அதை அவர் அனுப்பவில்லை. என் அறை அன்றைக்கே 'எப்பவும் ஆன்' ஆகிவிட்டது.

இப்போது பெங்களூரில் இருக்கிறார். போன வாரம் போனில் கேட்டார்: "ஆத்தா, ஏதாச்சும் வேணுமா?"

வாய் வரைக்கும் வந்துவிட்ட 'வேணாம்' என்பதை விழுங்கினேன்.

"வேணும்ப்பா. ஒரு நடை வந்துட்டுப் போ."